பார்ட் மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் எழவில்லையா? இப்படிப் பாருங்கள்

புது ராமோ எஸ்எஸ்டியோ மாட்டி, பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே நிற்கிறதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். காலையில் ஓடிய மெஷின்தானே, சந்தேகம் முதலில் நீங்கள் கை வைத்த இடத்தின் மேல்தான்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ரங்கூனில் கரண்ட் போய்விட்டது என்று நம்பி உள்ளே கை விடக் கூடாது, இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ கொடுத்துக்கொண்டிருக்கும். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் தேங்கிய மின்சாரம் வடியும். பெயின்ட் இல்லாத இரும்பு பாகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஃபேன் சுற்றவே இல்லை: மதர்போர்டுக்குப் போகும் 24 பின் ஒயரை அழுத்திப் பாருங்கள். முன் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர் கை பட்டுக் கழன்றிருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை: பிராசசர் பக்கத்து 8 பின் ஒயர் சரியாக இருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் என் சந்தேகம் ராம் மேல். கழற்றி, 'டக்' என்று பூட்டும் வரை மறுபடி அழுத்துங்கள். இறங்கவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ராம் வகைகளுக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்று மற்றதில் போகாது.

நம் ஊரில் மே முதல் அக்டோபர் வரை ஈரம்தான். ராமின் தங்க நிறக் கால்கள் மங்கியிருந்தால், பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு ராமை மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் அதற்கு. டிடிஆர்5 என்றால் முதல் தடவை சில நிமிடம் கறுப்புத் திரையோடு தன்னைப் பழக்கிக்கொள்ளும். அதற்குள் அணைத்து அணைத்துப் போட்டால் பழகல் முடியவே முடியாது.

சில போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் உள்ள டிஸ்க்) என்று எழுதிய சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

இன்னும் எழவில்லையென்றால், பிளக் பிடுங்கிய நிலையில் சிஆர்2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தால் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அதற்கு முன் பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்புச் சாவி கையில் இருக்கட்டும், விண்டோஸ் கேட்டாலும் கேட்கும்.

படம் வருகிறது, விண்டோஸ் வரவில்லை: பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா, பூட் வரிசையில் (எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல்) முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.2 ஸ்லாட்டில் (மதர்போர்டிலேயே எஸ்எஸ்டி மாட்டும் இடம்) புதிதாக ஒன்றை மாட்டினால், சில போர்டுகளில் டிஸ்க் கேபிள் செருகும் ஒரு சாட்டா போர்ட் செயல்படாமல் போகும். பழைய டிஸ்க்கை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். பேட்டரி கழற்றிய பிறகு நீலத்திரை வந்தால், பயாஸில் டிஸ்க் இயங்கும் முறையை, ரெய்டு, ஏஎச்சிஐ இரண்டில் முன்பு எது இருந்ததோ அதற்கே மாற்றுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? பழைய பார்ட்டையே திரும்ப மாட்டுங்கள். எழுந்தால் புதியது பழுது, அல்லது உங்கள் போர்டுக்குப் பொருந்தாதது. புது பிராசசர் என்றால் பயாஸ் அப்டேட்டும் தேவைப்படலாம். கடைக்குப் போகும்போது பழையது, புதியது இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், மதர்போர்டில் அச்சிட்ட மாடல் நம்பரை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.