நெருக்கடியில் ஜம்ப் ஷாட்: பிடியைத் தளர்த்துங்கள், பந்து எழும்பும்

மாஸ்கோனி கோப்பை பார்த்திருந்தால் இந்தக் காட்சி தெரிந்திருக்கும். 1994 முதல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் அந்த நைன்-பால் (ஒன்பது எண் பந்துகளை வைத்து ஆடும் பூல் மேசை ஆட்டம்) போட்டியில் அரங்கமே கத்திக்கொண்டிருக்கும், ஒரு அடிக்கு 30 விநாடிதான், எதிராளியோ வெள்ளைப் பந்தை வேறொரு பந்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருப்பார். அங்கே ஜம்ப் கியூவை, அதாவது பந்தைக் குதிக்க வைக்கும் குட்டைக் கோலை எடுத்து, மறிக்கும் பந்தைத் தாண்டி, குறித்த பந்தைப் பாக்கெட்டில் போடுவதைவிட அழகான அடி பூலில் கிடையாது என்பேன்.

பலரும் நினைப்பதுபோல் இது பந்தை அடியிலிருந்து நெம்பித் தூக்குவதல்ல, அப்படிச் செய்தால் ஃபவுல். கியூவைச் சாய்த்து மேலிருந்து கீழாக அடிக்க வேண்டும். துணிக்கு அடியில் இருக்கும் ஸ்லேட் கல்லில் மோதிப் பந்து தானாக எழும்பும், ஆனால் அது எழும்புவதற்குள் கியூ விலகியாக வேண்டும். அதனால்தான் ஜம்ப் கியூ சாதாரணக் கியூவில் ஏறக்குறைய பாதி எடை, நுனியும் கெட்டியாக இருக்கும். நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி.

பதற்றத்தில் கெடுவது பிடிதான். பயம் வந்ததும் விரல்கள் இறுகும், தோள் சேர்ந்து தள்ளும், கியூ பந்தைக் கல்லோடு அமுக்கிவிடும். ஆகவே பின்கையில் இரண்டு மூன்று விரலால் மட்டும் லேசாகப் பிடித்து, மணிக்கட்டால் சுருக்கென்று அடியுங்கள். பலம் தேவையில்லை, வேகம் போதும். சரியாகப் பட்டால் ‘டக்’ என்று ஒரே சத்தம்தான் வரும்.

சாய்வை இடைவெளி தீர்மானிக்கும். மறிக்கும் பந்து தள்ளி இருந்தால் 30 பாகை அளவே போதும், கிட்டே இருந்தால் இன்னும் நிமிர்த்த வேண்டும், ரொம்பக் கிட்டே என்றால் ஈட்டி எறிவதுபோல் கியூவை மேலே பிடித்து அடிப்பார்கள். ஓரத்தை மட்டும் தாண்டினால் போதுமா என்று முதலில் பாருங்கள், ஏனென்றால் அதற்குப் பாதி உயரம்கூட வேண்டியதில்லை. வெள்ளைப் பந்தின் நடுவில் குறிவையுங்கள், கொஞ்சம் பக்கவாட்டில் பட்டாலும் சாய்ந்த கியூவில் பந்து வளைந்து ஓடும். அப்புறம், வெள்ளைப் பந்து குறித்த பந்துக்கு முன்பே தரையிறங்க வேண்டும், காற்றில் இருக்கும்போதே மோதினால் மேசையை விட்டே குதித்துவிடும்.

30 விநாடியில் முதல் பத்து விநாடியை நின்றபடி யோசிக்கக் கொடுங்கள். பிலிப்பைன்ஸ் பூல் வீரர் எஃப்ரென் ரெயஸ் போன்றவர்கள் குஷனில் (மேசையின் ரப்பர் விளிம்பில்) தட்டி அடிக்கும் கிக் ஷாட்டுக்குப் பேர்போனவர்கள், சில இடங்களில் அதுவே நல்லது. குனிந்த பிறகு மனசு மாறினால் எழுந்து நின்று மறுபடி தொடங்குங்கள், பாதி மனசோடு மட்டும் அடிக்காதீர்கள்.

பயிற்சிக்கு மறிக்கும் பந்துக்குப் பதில், கியூ நுனியில் தேய்க்கும் சாக் கட்டி ஒன்றை வைத்துத் தொடங்குங்கள். அதைத் தாண்டப் பழகியதும் பந்தை வையுங்கள், நண்பரை விநாடி எண்ணச் சொல்லி பத்து முறை அடியுங்கள், எட்டு முறை தாண்டினால் பந்தை ஒரு விரற்கடை கிட்டே நகர்த்துங்கள்.