மாடித்தோட்டத்தில் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இருப்பிடம் அமைத்தல்

கத்தரிப் பூவின் மகரந்தப் பை, நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே மகரந்தத்தை வெளிவிடும். பூவைக் கால்களால் இறுகப் பற்றி உடலை அதிரச் செய்யும் தேனீ வந்தால்தான் அது நன்றாக உதிரும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும், கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும் அதைச் செய்கின்றன. இவை அடை கட்டிக் கூட்டமாக வாழ்பவை அல்ல. பெண் தேனீ ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வளையையோ துளையையோ தேடிக்கொள்கிறது. மாடித்தோட்டங்களில் பூவுக்குக் குறைவில்லை; வளைக்குத்தான் வழியில்லை.

முதலில் மூங்கில் குழல்கள். கழியைக் கணுவுக்குச் சற்றுப் பின்னால் அறுக்க வேண்டும். அப்போது கணுவே குழலின் பின்சுவராக அமையும். இரு புறமும் திறந்த குழலில் தேனீ முட்டையிடாது. நான் முதலில் கட்டிய குழல்கள் ஓராண்டு முழுதும் காலியாகத் தொங்கியதற்கு இதுவே காரணம். நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. இருக்கட்டும். இலைவெட்டித் தேனீக்கு உள்விட்டம் 6 முதல் 8 மி.மீ. வரை போதும், அதற்கு நாணல் தண்டும் ஏற்றது. தச்சுத் தேனீக்குக் கட்டைவிரல் நுழையும் அளவு வேண்டும். வாய்ப்புறச் சிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். இறக்கை கிழியும் என்று அஞ்சினால் தேனீ உள்ளே போகாது. பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம், அதனுள் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

மேலைநாட்டுக் காணொளிகள் நாள் முழுதும் வெயில் படும் இடத்தில் குழல்களை மாட்டச் சொல்கின்றன. அது குளிர் நாட்டுக்குப் பொருந்தும். நம் சித்திரை வெயிலில் உள்ளிருக்கும் புழு வெந்துபோகும். காலை இளவெயில் மட்டும் படும்படி கிழக்கு நோக்கி, இடுப்புயரத்துக்கு மேல், காற்றில் ஆடாமல் இறுகக் கட்டுங்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரலும் பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்தே வருமாதலால், ஓட்டுத் துண்டையோ பலகையையோ ஒரு சாண் முன்னே நீட்டிக் கூரையாக வைப்பது அவசியம். எறும்பு ஏறாதிருக்கத் தாங்கு கம்பியில் கிரீஸ் தடவ வேண்டும். தடவாமல் விட்டால், சேமித்த மகரந்தமும் முட்டையும் ஒரே இரவில் காணாமல் போகும்.

முட்டையிட்டு முடித்ததும் குழலின் வாய் அடைக்கப்படும்; உள்ளே யார் குடியேறினார் என்பதை அந்த வாயடைப்பே சொல்லிவிடும். வட்டமாக நறுக்கிய இலைத் துண்டுகள் அடுக்கடுக்காக இருந்தால் இலைவெட்டித் தேனீ. அருகிலுள்ள ரோஜா அல்லது துவரை இலையின் ஓரத்தில் கத்தரித்தாற்போல் அரைவட்டங்கள் தெரியும், அதற்காகச் செடி வாடிவிடாது. பிசின் பூசியிருந்தால் பிசின் தேனீ. மண் பூசியிருந்தால் பெரும்பாலும் குளவி. குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள். அந்த நம்பிக்கையின் புண்ணியத்தில் பல கூடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்குகிறது என்பது மட்டும் உண்மையன்று. கொட்டு வாங்கி அசைவிழந்த புழு, குளவிக் குஞ்சுக்குத் தீனி. காய்ப்புழுவோடு மல்லுக்கட்டும் நமக்கு அதுவே பெரிய உதவி.

நீலப்பட்டைத் தேனீக்கு மூங்கில் உதவாது. அது பழைய மண்சுவர்களில் வளை தோண்டும். அகன்ற மண்தொட்டியில் களி கலந்த செம்மண்ணைப் பிசைந்து நிரப்பி, பாதி காய்ந்ததும் பென்சிலால் விரல் நீளத்துக்குச் சில துளைகள் குத்தி, நன்கு உலர்ந்தபின் மழை படாத மூலையில் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள்.

சிலந்திகளுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. நெல்வயலில் வைக்கோல் கட்டுகளை நட்டுச் சிலந்திகளுக்கு இடம் தருவதுபோல, சிறு மண்சட்டியில் வைக்கோலைத் திணித்துச் செடிகளிடையே குச்சியில் கவிழ்த்து மாட்டினால் போதும்.

பொறிவண்டுக்கும் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும் செடியே வீடு. ஒரு தொட்டியில் தட்டைப்பயறு விதைத்து, அதில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி வந்தாலும் கை வைக்காமல் விடுங்கள்; அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும். இலையடியில் மயிரிழை போன்ற காம்புகளின் நுனியில் வெண்புள்ளிகள் நின்றால், அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள், பூஞ்சணம் என்று துடைத்துவிடாதீர்கள். மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே பெயர்பெற்ற கிரிப்டோலேமஸ் பொறிவண்டு, 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு மெழுகு இழைகள் போர்த்திப் பார்வைக்கு மாவுப்பூச்சியைப் போலவே இருப்பதால், பலர் அதையும் சேர்த்து நசுக்கிவிடுகிறார்கள். சற்றுப் பெரிதாக, விறுவிறுவென்று நகர்ந்தால் அது நண்பன்.

வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தே ஆக வேண்டுமென்றால், தேனீக்கள் அடங்கிய மாலையில், தாக்குதல் உள்ள செடிக்கு மட்டும் தெளியுங்கள். குழல்கள் இருக்கும் பக்கம் வேண்டாம். வாயடைப்பில் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளிருந்தது வெளியேறிவிட்டது என்று பொருள். எல்லா அறைகளும் காலியானதை உறுதி செய்துகொண்டு அந்தக் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாக அறுத்ததை அங்கே செருகுங்கள். பழைய குழலில் சிலந்திப்பேன்களும் ஒட்டுண்ணிகளும் தங்கி அடுத்த தலைமுறையைக் கெடுக்கும்.