மூங்கில்ல வில்லு செய்றவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ்

மொத வில்லு ஒடையறது முக்காவாசி அவசரத்தாலதான். நம்ம பர்மாவுல மூங்கிலுக்கா பஞ்சம், பகோ யோமா மலைப் பக்கம் காடே அதுதான், ஆனா மழைக்காலத்துல வெட்டுன பச்சை மூங்கில அப்படியே வளைச்சா வளைஞ்ச மாதிரியே நின்னுடும், ரெண்டு மூணு மாசம் நெழல்ல காத்தோட்டமா காய விடுங்க. நீளம் உங்க உசரத்துக்கு இருக்கட்டும்.

வெளித்தோல் பக்கம் குறிய பாத்து இருக்கணும், அதுல கத்தியே படக்கூடாது, சீவறதெல்லாம் நம்மள பாத்த உள்பக்கம் மட்டும். நான் அழகா இருக்கட்டும்னு தோல்ல கணுவ நல்லா சீவிட்டேன், பாதி இழுக்கறப்பவே அந்த எடத்துல சிலும்பு தூக்கி படார்னு போச்சு, நல்லவேளை கண்ணுல படல.

அப்புறம் கயிறு மாட்டி கொஞ்சம் கொஞ்சமா இழுத்து தூர நின்னு ஒருத்தர பாக்க சொல்லுங்க, எந்த எடம் வெறப்பா நிக்குதோ அங்க மட்டும் கண்ணாடிச் சில்லால ரெண்டு சுரண்டு, திரும்ப ஒரு 30 தடவ மெதுவா இழுங்க, அப்பதான் வித்தியாசம் தெரியும். ஜாஸ்தி வளையற எடத்த தொடவே தொடாதீங்க. அம்பு வைக்காம நாண இழுத்து விடறதும் வேணாம், பசங்க கையில குடுத்தா மொதல்ல அததான் செய்வாங்க.