மைக்ரோவேவில் நேரத்தை மட்டும் மாற்றுகிறீர்களா?

நேற்று வைத்த மீன்குழம்பை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைக்கிறோம். ஓரமெல்லாம் கொதித்துத் தெறிக்கிறது, நடுவில் இருக்கும் துண்டோ சில்லென்றே இருக்கிறது. சரி, இன்னும் ஒரு நிமிடம் என்று வைத்தால் மீன் ரப்பராகிவிடுகிறது. கேஸ் அடுப்பில் பால் பொங்கி வந்தால் தீயைக் குறைக்க யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்ரோவேவ் என்றால் மட்டும் பவர் பட்டனைத் தொடாமல் எல்லாவற்றையும் 100 சதவீதத்திலேயே ஓட்டுகிறோம்.

மைக்ரோவேவ் அலைகள் உணவுக்குள் சில சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். அதற்கும் உள்ளே இருப்பது, வெளிப்பக்கத்துச் சூடு மெல்லப் பரவித்தான் சூடாக வேண்டும். சாதாரண மைக்ரோவேவில் பவரை 50 சதவீதம் வைத்தால் அலையின் பலம் குறைவதில்லை. கொஞ்ச நேரம் முழு பவரில் ஓடும், கொஞ்ச நேரம் நிற்கும். காது கொடுத்துக் கேளுங்கள், விளக்கும் தட்டும் ஓடிக்கொண்டிருக்க, உறுமல் மட்டும் விட்டுவிட்டு வரும். அந்த இடைவெளியில்தான் சூடு நடுப்பகுதிக்குப் போய்ச் சேருகிறது. இன்வெர்ட்டர் வகை அடுப்புகள் மட்டும் பவரை உண்மையாகவே குறைத்து ஓட்டும்.

ஃப்ரீசரில் உறைந்த கறியை முழு பவரில் வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. பனிக்கட்டியைவிடத் தண்ணீர் இந்த அலைகளைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். அதனால் முதலில் உருகிய ஓரம் வெந்தே போய்விடும், நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். 30 சதவீதத்தில் வைத்து, இடையிடையே திருப்பிப்போட்டு, உருகிய துண்டுகளைப் பிரித்தெடுங்கள். அப்புறம் வெளியே போட்டு வைக்காமல் உடனே சமைத்துவிட வேண்டும்.

மோர்க்குழம்பு, பனீர், முட்டை சேர்ந்தவை எல்லாம் 50 சதவீதத்தில் பத்திரமாக இருக்கும். மோர்க்குழம்பை முழு பவரில் வைத்தால் திரிந்துவிடும். கெட்டியான குழம்பு, குருமாவுக்கு 70 சதவீதம், பாதியில் ஒரு கிளறு. வெண்ணெயும் சாக்லேட்டும் உருக இன்னும் குறைவாகவே போதும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எல்லாவற்றையும் குறைந்த பவரில் வைப்பதும் தவறுதான். ரசம், காய்கறி, அப்பளம் இவற்றுக்கு முழு பவர்தான் சரி. மிச்சச் சோற்றுக்கும் அப்படியே: தண்ணீர் தெளித்து, மூடி, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். எல்லா இடமும் 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும்.

இன்னொரு குழப்பம் வாட் கணக்கு. அடுப்பின் பின்பக்கத்தில் 1200 வாட் என்றிருந்தால் அது பெரும்பாலும் அடுப்பு இழுக்கும் மின்சாரம். உணவுக்குப் போய்ச் சேருவது 800 வாட்டாக இருக்கலாம். 1000 வாட்டில் 4 நிமிடம் என்ற சமையல் குறிப்புக்கு உங்கள் 800 வாட் அடுப்பில் 5 நிமிடம் ஆகும்.

குழந்தையின் பால்புட்டிக்கு மட்டும் எந்த பவரும் சரியில்லை. புட்டி வெளியே வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே அங்கங்கே வாயைச் சுட்டுவிடும் அளவுக்குப் பால் கொதித்திருக்கலாம். அதை ஒரு பாத்திரம் வெந்நீரில் நிறுத்தி வைத்துச் சூடாக்கி, குலுக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள்.