ஆட்டோமேட்டிக் மாட்டிய எம்-715 ராணுவ டிரக்கில் லோ கியரை மீட்பது எப்படி?

எம்-715 என்பது 1967 முதல் 1969 வரை கைசர் ஜீப் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்காக ஒஹையோ மாநிலத்து டொலீடோவில் தயாரித்த ஒன்றேகால் டன் டிரக். ராணுவம் கழித்துவிட்ட பிறகு தனியார் கைக்கு வந்த வண்டிகளில் பலவற்றில் பழைய ஆறு சிலிண்டர் டொர்னாடோ இன்ஜின் இப்போது இல்லை. அந்த இடத்தில் செவர்லே 350 வி8 இன்ஜினும் டி.எச்.400 ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸும் உட்கார்ந்திருக்கும். ஓட்டச் சுகமான ஜோடிதான். ஆனால் செங்குத்தான கல் சரிவில் இறக்கும்போது, லோ ரேஞ்சில் போட்டிருந்தும் வண்டி முன்னால் பிய்த்துக்கொண்டு போகும்.

உடனே டிரான்ஸ்பர் கேஸை, அதாவது இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து லோ ரேஞ்சையும் தரும் பெட்டியை, கழற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் அதில் கோளாறு இருக்காது.

கணக்கைப் போடுங்கள்

முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்பர் கேஸின் லோ விகிதம், ஆக்சிலில் உள்ள கிரௌன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் மொத்த விகிதம் கிடைக்கும்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது டி-98 என்ற நான்கு கியர் பாக்ஸின் முதல் கியர் 6.4, என்.பி.200 டிரான்ஸ்பர் கேஸின் லோ ஏறக்குறைய 2, ஆக்சில் 5.87. பெருக்கினால் சுமார் 75. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 75 சுற்றுச் சுற்ற வேண்டும். டி.எச்.400-இன் முதல் கியரோ வெறும் 2.48. மற்ற இரண்டும் அப்படியே இருந்தாலும் மொத்தம் 29-க்கு இறங்கிவிடுகிறது.

இதை வேகமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். டயர் விட்டம் 87 செ.மீ., ஐடிலிங் நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பழைய அமைப்பில் வண்டி மணிக்கு ஒன்றரை கி.மீ. வேகத்தில் ஊர்ந்திருக்கும். இப்போது அதே ஐடிலிங்கில் 4 கி.மீ. கல் மேட்டில் இது பெரிய வித்தியாசம்.

ஏறும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. ஆட்டோமேட்டிக்கில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி இட்டு நிரப்பிவிடும். இறங்கும்போது சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அங்கே கன்வெர்ட்டரால் எந்த உதவியும் கிடையாது. லோ கியர் ஏறுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதன் முதல் வேலை இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதுதான்.

அப்புறம், ஆட்டோமேட்டிக் போட்டால் நெடுஞ்சாலையில் வேகம் கூடும் என்றொரு நம்பிக்கை உண்டு. டி-98, டி.எச்.400 இரண்டிலுமே மேல் கியர் 1:1. அதே ஆக்சிலை வைத்துக்கொண்டு 80 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டிலும் இன்ஜின் ஏறக்குறைய 2,870 சுற்றில்தான் கத்தும்.

படி 1: உங்கள் வண்டியின் எண்களைக் கண்டுபிடியுங்கள்

எத்தனையோ கை மாறிய வண்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சமதளத்தில் நிறுத்தி முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இந்த டிரக்கில் ஹேண்ட் பிரேக் டிரம், டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம் இருக்கிறது. பின் ஷாஃப்டை (டிரான்ஸ்பர் கேஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கழற்றிய நொடியே ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. அதனால் வேலை முடியும்வரை கட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, டிரான்ஸ்பர் கேஸை நியூட்ரலில் போடுங்கள். பின் ஷாஃப்டிலும் டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டு, பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் ஆறுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் 5.87. நாலரைதான் வந்தால் யாரோ 4.56 கிரௌன் பினியன் மாற்றியிருக்கிறார்கள். மொத்த விகிதம் இன்னும் கீழே போயிருக்கும். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுற்றினால் பாதி எண்தான் வரும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது.

அடுத்து கியர் பாக்ஸ் நியூட்ரலில், டிரான்ஸ்பர் கேஸ் லோவில். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் நடுவே உள்ள குட்டை ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். அது இரண்டு சுற்றுச் சுற்றும்போது பின் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை, அல்லது லோ பாதியில் நழுவுகிறது என்றால் லிங்கேஜை (லீவரை டிரான்ஸ்பர் கேஸோடு இணைக்கும் ராடு) பாருங்கள். கியர் பாக்ஸ் மாற்றியபோது வெட்டி ஒட்டிய தரைத்தகட்டின் விளிம்பில் லீவர் இடித்துக்கொண்டு, கியர் முழுதாக விழாமல் நிற்பது சகஜம். தகட்டைக் கொஞ்சம் அறுத்து, ராடின் நீளத்தைச் சரி செய்தால் செலவில்லாமல் வேலை முடியும்.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஆட்டோமேட்டிக்கை விட மனமில்லை என்றால், என்.பி.203 டிரான்ஸ்பர் கேஸின் முன்பாதியை என்.பி.205 டிரான்ஸ்பர் கேஸுடன் அடாப்டர் வைத்து இணைக்கலாம். இரண்டு லோவும் சேர்ந்து ஏறக்குறைய 4 தரும், மொத்தம் 58. வலுவான ஏற்பாடு. ஆனால் ஷாஃப்டுகள் எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டும். ஃபோர்டு என்.பி.205-இல் முன் ஷாஃப்ட் இடப்பக்கமும் செவர்லேயில் வலப்பக்கமும் வரும், உங்கள் முன் ஆக்சிலுக்குப் பொருந்துவதைத் தேட வேண்டும். போதாக்குறைக்கு ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். லோ விகிதம் 3.8, 4.3 என்று கிடைக்கும் அட்லஸ் டிரான்ஸ்பர் கேஸ் இன்னொரு வழி. அருமையான பொருள், விலையும் அப்படியே.

ஆரம்பநிலைக்காரருக்கு நான் சொல்வது: என்.பி.200-ஐத் தொடாமல், டி.எச்.400-க்குப் பதிலாக எஸ்.எம்.465 மேனுவல் கியர் பாக்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் 1968 முதல் 1991 வரை வந்த பெட்டி. செவர்லே இன்ஜினுக்குச் சொந்தக்காரன். முதல் கியர் 6.55. மொத்தம் 77, அதாவது பழைய அமைப்பைவிடவும் ஒரு பிடி கூடுதல்.

படி 3: சாமான் சேர்ப்பது

என்.பி.200 கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக, சேஸில் தொங்குகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டியது பின்னால் யோக் (ஷாஃப்டை மாட்டும் கவை) உள்ள இருசக்கர இழுவை எஸ்.எம்.465. நான்கு சக்கர இழுவைப் பெட்டியை வாங்கிவிட்டால் யோக் மாட்ட இடம் இருக்காது.

ஃப்ளைவீல் விஷயத்தில் கவனம். 1985 வரையிலான செவர்லே 350-க்கு ஒரு வகை, 1986-க்குப் பிந்தைய ஒற்றைத் துண்டு பின் சீல் இன்ஜினுக்கு வேறு வகை. ஃப்ளைவீல் விளிம்பிலுள்ள ரிங் கியரில் 153 பல், 168 பல் என்று இரண்டு அளவு உண்டு. ஸ்டார்ட்டர் அதற்குப் பொருந்த வேண்டும். பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு), கிளட்ச் செட், பைலட் புஷ், பெடல், லிங்கேஜ் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

படி 4: கழற்றி மாட்டுவது

பேட்டரி இணைப்பை எடுங்கள். ஆயிலை வடியுங்கள். ஷாஃப்ட், யோக் இரண்டிலும் குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ்பிளேட்டோடு (ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீலுக்குப் பதிலாக இருக்கும் மெல்லிய தகடு) பிடித்திருக்கும் போல்ட்டுகளை முதலில் எடுத்துவிட்டு, கியர் பாக்ஸையும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே இறக்குங்கள். கியர் பாக்ஸ் ஜாக்கி வாடகைக்காவது எடுங்கள், எஸ்.எம்.465 வார்ப்பிரும்புப் பெட்டி, ஒருவர் நெஞ்சில் தாங்கி மாட்டும் சாமான் இல்லை.

ஃப்ளைவீல், பெல் ஹவுசிங் மாட்டியதும் டயல் கேஜ் வைத்து ஹவுசிங்கின் நடுத்துளை இன்ஜினோடு மையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விலகல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இதை விட்டால் கியர் நழுவும், பேரிங் தேயும். பிறகு கிளட்ச் தட்டை மையக்குச்சி வைத்துச் சரியாக உட்காரவைத்து, கியர் பாக்ஸைத் தள்ளுங்கள். போகவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள்; வெளியே எடுத்துத் தட்டை மறுபடி மையப்படுத்துங்கள்.

கியர் பாக்ஸ் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறும். நடுவிலுள்ள குட்டை ஷாஃப்டின் நீளமும் மாறும், அளவு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். அதன் சாய்வு 1 முதல் 3 டிகிரி, இரு முனையிலும் ஒரே அளவு. சாய்வே இல்லாமல் நேராக வைப்பதும் தப்பு: ஷாஃப்ட் முனையிலுள்ள கிராஸில் (யுனிவர்சல் ஜாயிண்ட்) இருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

படி 5: சோதனை

காலியான, அகலமான மண் சரிவைத் தேர்ந்தெடுங்கள். வண்டியை முழுதாக நிறுத்தி, நான்கு சக்கர இழுவையும் லோவும் போட்டு, முதல் கியரில் கிளட்சை முழுதாக விடுங்கள். பிரேக் பெடல்மேல் கால் தயாராக இருக்கட்டும், அழுத்த வேண்டாம். வண்டி நடைவேகத்தைவிட மெதுவாக, இன்ஜின் முனகலோடு இறங்க வேண்டும். நடுவழியில் கிளட்சை மிதித்தால் அத்தனை பிடியும் ஒரே நொடியில் போய்விடும்.

சாலைக்கு வந்ததும் நான்கு சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள். இந்த டிரான்ஸ்பர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் இல்லை; காய்ந்த தாரில் திருப்பினால் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். அன்றாட ஓட்டத்தில் இரண்டாம் கியரிலேயே கிளப்பலாம், அது 3.58. சில நூறு கி.மீ. ஓடியதும் பெல் ஹவுசிங், குறுக்குச் சட்டம், கிராஸ் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, ஆயில் அளவையும் ஒருமுறை பாருங்கள்.