களப்பணிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எம்.ஏ. சமூகவியல், மானுடவியல் மாணவர்களின் ஆய்வேடுகள் வருடாவருடம் என்னிடம் வருகின்றன. புரட்டினால் என் பழைய ஆய்வேட்டையே படிப்பது போல இருக்கிறது. அடிக்குறிப்புப் பிழைகளை கைடு பார்த்துக்கொள்வார். மற்றதைச் சொல்கிறேன்.

பெரிய வீட்டில் தங்குவது

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். பேராசிரியருக்குத் தெரிந்தவர் மூலம் ஊராட்சித் தலைவர் வீட்டு மாடியில் இடம் கிடைத்தது, சாப்பாட்டோடு. முதல் நாள் சாயங்காலம் தன் புல்லட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினார். ஊரே பார்த்தது. என் ஆய்வு அன்றைக்கே முடிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை.

காலனித் தெருவில் கூலி பற்றிக் கேட்டால், "அதெல்லாம் குறையில்ல தம்பி" என்றார்கள். நாற்பது வீட்டிலும் அதே பதில். நானும் அட்டவணை போட்டு, 'திருப்தி: 100%' என்று எழுதிவைத்தேன். கடைசி வாரம் ஒரு பாட்டி நாற்று முடியைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "ஏந்தம்பி, ராத்திரி அந்த வீட்டுலதான சோறு திங்குற? எங்ககிட்ட வேற என்னத்த கேக்குற?"

ஆறு வாரம் போச்சு. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஒருவர்கூட நான் எங்கே தங்கினேன் என்று கேட்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில், 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்த ஊரில், அக்ரகாரத்தில் தங்கித்தான் ஆய்வு செய்தார். அதனால் ஆதிதிராவிடர்களிடம் தாராளமாகப் பழக முடியவில்லை என்பதை அந்த ஆய்வைப் பற்றிய நூலிலேயே சொல்லிவிட்டார். பரீட்சைக்காக அந்த நூலை மனப்பாடம் செய்தவன் நான். அந்த இடத்தை மட்டும் முன்னுரைதானே என்று தாண்டியிருந்தேன்.

முடிந்தால் பக்கத்து டவுனில் அறை எடுத்து பஸ்ஸில் போய் வாருங்கள். முதல் வாரம் கேள்வியே வேண்டாம். டீக்கடை பெஞ்சில் யார் உட்காருகிறார், யார் நின்றே குடித்துவிட்டுப் போகிறார் என்று பாருங்கள். வேறு வழியில்லாமல் பெரிய வீட்டில்தான் தங்கினீர்கள் என்றால், அதை ஆய்வேட்டில் எழுதுங்கள்.

குறிப்பை அப்புறம் எழுதுவது

சமூகவியலாளர் எம்.என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமமான ராம்புராவில் செய்த களப்பணியிலிருந்து பகுத்து வைத்திருந்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் போயின. நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார். நாம் ஸ்ரீநிவாஸ் இல்லை. அன்றன்று ராத்திரியே எழுதுங்கள்.

"ஊரில் சாதிப் பாகுபாடு உண்டா? ஆம் / இல்லை"

இல்லை என்றுதான் வரும்.

எடுத்த உடனே சாதி கேட்பது

வேண்டாம். அவர்கள்தான் உங்களை முதலில் கேட்பார்கள். என்ன சொல்லப்போகிறீர்கள் என்று பஸ் ஏறும் முன்பே யோசித்து வையுங்கள்.