ஸ்பானிஷ் வினைச்சொற்கள்: ஆங்கிலம் வழியாகப் படித்தால் வரும் தவறுகள்

ஆங்கிலத்தில் யோசித்து ஸ்பானிஷ் பேசுபவரைக் கண்டுபிடிப்பது சுலபம். வாய்க்கு வாய் 'யோ' (நான்) வரும்: யோ ஆப்லோ, யோ கோமோ, யோ விவோ. இலக்கணப்படி தவறில்லை. ஆனால் 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்' என்று ஆகிவிடுகிறது. 'நான்' என்பது கடைசி ஓகாரத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் யோ போட்டால், 'நானாக்கும் பேசுகிறேன், நானாக்கும் சாப்பிடுகிறேன்' என்று மார்தட்டுவதுபோல் கேட்கும். படர்க்கையில் மட்டும் கவனம். 'ஆப்லா' அவனுக்கும் அவளுக்கும் மரியாதையான 'நீங்கள்'க்கும் பொது. யாரென்று விளங்காத இடத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடுத்தது பெரிய தொல்லை: செர், எஸ்தார். ஆங்கிலத்தின் ஒற்றை 'இஸ்' இங்கே இரண்டாகப் பிரிகிறது. நிரந்தரமானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று பல பாடங்களில் சொல்லித்தருகிறார்கள். அந்தச் சூத்திரத்தை நம்பாதீர்கள். சாவைவிட நிரந்தரம் எது? அதற்கு 'எஸ்தா முவெர்தோ' (இறந்துவிட்டார்), அதாவது எஸ்தார். மத்ரித் நகரமும் எங்கேயும் ஓடிவிடாது; அதற்கும் 'மத்ரித் எஸ்தா என் எஸ்பான்யா'. ஒரே ராத்திரியில் முடிகிற விருந்துக்கோ செர்: 'லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா', விருந்து என் வீட்டில் ('எஸ்' என்பது செர்-இன் வடிவம்). யார், என்ன, எப்படிப்பட்டவர் என்றால் செர். இப்போது எந்த நிலை, எங்கே இருக்கிறது என்றால் எஸ்தார். நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்றால் மறுபடி செர். இப்படிப் பிடித்துக்கொள்வது மேல். 'எஸ்தோய் அபுர்ரிதோ' என்றால் எனக்குப் போரடிக்கிறது. 'சோய் அபுர்ரிதோ' என்றால் நானே ஒரு போர்!

பிடித்ததைச் சொல்ல 'யோ குஸ்தோ எல் கஃபே' என்பார்கள். அது தப்பு. 'மே குஸ்தா எல் கஃபே' என்பதே சரி. நமக்கு இதில் குழப்பமே வரக்கூடாது: 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதன் அதே அமைப்பு, 'மே' என்பது எனக்கு. ஆனாலும் ஆங்கிலப் பாடம் வழியாக வருகிறவர்கள் இதிலும் தடுக்கி விழுகிறார்கள். ஒரே வித்தியாசம், பிடித்த பொருள் பன்மையானால் வினையும் மாறும்: 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்', எனக்குப் புத்தகங்கள் பிடிக்கும்.

வயது, பசி, புழுக்கம் எல்லாம் ஸ்பானிஷில் 'உடைமை'. எனக்கு இருபது வயது என்பதற்கு 'சோய் வெய்ந்தே' இல்லை, 'தெங்கோ வெய்ந்தே ஆன்யோஸ்'; 'தெங்கோ' என்றால் 'என்னிடம் இருக்கிறது'. பசித்தால் 'தெங்கோ ஆம்ப்ரே'. புழுக்கத்துக்கு 'தெங்கோ கலோர்'. ஆங்கிலத்தை அப்படியே மாற்றி 'எஸ்தோய் கலியெந்தே' என்று சொல்லிவைக்காதீர்கள். அது காம வேட்கையைச் சொல்வது. கேட்பவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்.

நாளைக்குக் கிளம்புகிறேன் என்பதற்கு 'எஸ்தோய் சாலியெந்தோ மன்யானா' வேண்டாம். சாதாரண நிகழ்காலம் போதும்: 'சால்கோ மன்யானா'.

கடைசியாக சபேர், கோனோசேர். இதில் தமிழும் கைகொடுக்காது, நமக்கும் எல்லாமே 'தெரியும்'தான். தகவலும் திறமையும் சபேர்: 'சே நதார்', நீந்தத் தெரியும். ஆளும் ஊரும் கோனோசேர். ஆளாக இருந்தால் நடுவே ஒரு 'ஆ' சேர்க்க மறக்காதீர்கள்: 'கோனோஸ்கோ ஆ மரியா'.